பாஸ்காத் திரியும் காற்றுக்குழாயும்

மொன்றியலின் புறநகரான கர்க்லாண்டில் கராஜ் உள்ள வீடாகப் பார்த்து வாங்கினால் பனிக்காலத்தில் கார்க் கண்ணாடியைச் சுரண்டும் வேலை மிச்சம் என்று சொல்லித்தான் அருமைநாதன் தன் மனைவி அல்போன்சம்மாவைச் சம்மதிக்க வைத்தார். வீடு வாங்கியாயிற்று. அந்தக் கராஜுக்குள் கார் ஒரு நாள்கூட நுழையவில்லை. எட்டு வருடமாக அங்கே ஒரு விமானம் குடியிருந்தது. கார் வெளியே பனியில் நின்றது. விடியற்காலையில் கையுறை போட்டுக்கொண்டு கண்ணாடியைச் சுரண்டியது அல்போன்சம்மாதான்.

"சனம் வீட்டுக்குள்ளை நாய் வளர்க்கும், பூனை வளர்க்கும். இந்த மனுசன் பிளேன் வளர்க்கிறார்" என்று கோயிலில் மற்றப் பெண்களுக்குச் சொல்லிச் சிரிப்பாள்.

வெளியில் சிரிப்பதுதான் அப்படி. உள்ளுக்குள் அந்த விமானத்துக்கு அவள் கைகூப்பாத நாளில்லை. தொண்ணூற்றொன்றில் மொன்றியலுக்கு வந்திறங்கிய அருமைநாதன் முதல் ஏழு வருடம் வாய் திறக்காத மனிதர். விமானத் தொழிற்சாலையில் தகடு அடிக்கும் வேலை. வருவார், சாப்பிடுவார், போடாத டீவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். டொக்டர் குளிசை கொடுத்தார், அதற்கு நித்திரைதான் கூடியது. ஒரு நாள் கூட வேலை செய்யும் ஒருவர் தான் கட்டாமல் விட்ட ஒரு சின்ன விமானத்தின் வரைபடக் கட்டைச் சும்மா தூக்கிக் கொடுத்தார். அன்றிரவு அருமைநாதன் சாப்பாட்டு மேசையில் விமானத்தின் செட்டையை, அந்த இறக்கையைப் பற்றி முக்கால் மணி நேரம் கதைத்தார். அல்போன்சம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, மனிதர் கதைக்கிறாரே என்று சோறு ஆறும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவர் வாய் ஓயவேயில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு கோடையில் விமானம் பறந்தது. பார்க்கிறவர்கள் பார்த்து, கையெழுத்துப் போடுகிறவர்கள் போட்டு, எல்லாம் ஒழுங்காகத்தான். ஆனால் வெயில் நாட்களில் எழும்பும்போது மனிதர் மாதிரி மூச்சு வாங்கியது. மேற்கே ஆற்றோரமாக இருக்கிற அந்தப் புல்வெளித் தளத்தின் முடிவில் உயரமான மரங்கள். அவற்றைத் தாண்டும் மட்டும் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிற அல்போன்சம்மா செபமாலையை விடமாட்டாள்.

வியாதி இன்னதென்று சொன்னது பார்கவி. சென்னைக்காரி, ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் ஒரு எஞ்சின் கம்பனியில் காற்றோட்டக் கணக்குப் போடுகிற எஞ்சினியர். சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களின் சங்கக் கூட்டத்துக்கு ஒரு நாள் வந்தவள், அந்தக் கூட்டத்தில் தமிழ் முகம் என்று இருந்த ஒரே முகத்தைத் தேடி வந்து பேசினாள்.

"எஞ்சின் மூடிக்கு உள்ளேயிருந்தே காத்து எடுக்கறீங்க அண்ணா. அது ஏற்கெனவே சூடான காத்து. சூடான காத்துல கனம் கிடையாது, எஞ்சினுக்குப் பத்தாது. மூக்குப் பக்கமா ஒரு வாய் வெச்சு, வெளியேயிருக்கற குளிர்ந்த காத்தை ஒரு குழாய் வழியா நேரா கார்ப்பரேட்டருக்குக் கொண்டு வாங்க" என்றாள்.

சொன்னதோடு விடாமல் குழாயின் வடிவத்தையும் கம்ப்யூட்டரில் வரைந்து கொண்டுவந்து கொடுத்தாள். யாரோ எவரோ, ஒரு சதம் வாங்காமல், பனிக்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் ஆற்றைக் கடந்து வந்து போனாள். அல்போன்சம்மா அவளுக்கு இடியப்பமும் சொதியும் கொடுத்தே தன் நன்றியைத் தீர்க்கப் பார்த்தாள்.

குழாய் பைபர்கிளாஸில் செய்ய வேண்டும். அதற்கு முதலில் குழாயின் உள்வடிவத்தில் ஒரு அச்சுச் செய்து, அதன்மேல் துணியையும் ரெசின் பசையையும் பூசி, காய்ந்த பிறகு உள்ளேயிருக்கிற அச்சை எடுத்துவிட வேண்டும். பார்கவி நுரைப்பலகையில் அச்சைச் செதுக்கச் சொன்னாள். இரண்டு தரமும் வளைவில் வெடித்துப் போயிற்று. மூன்றாம் தரம் அருமைநாதனுக்கு ஒரு யோசனை வந்தது. மெழுகில் வார்த்தால் என்ன? கையாலே வழுவழுப்பாக்கலாம். பிறகு சுடுநீரில் முக்கினால் உருகி ஓடிவிடும்.

மெழுகுக்கா பஞ்சம்? தமிழ்ப் பங்குக் கோயிலின் பீடத் துணிகளைத் தோய்ப்பதும், எரிந்து முடிந்த மெழுகுதிரித் துண்டுகளைச் சேர்த்து வைப்பதும் பதினாறு வருடமாக அல்போன்சம்மாவின் பொறுப்பு. நிலவறையில் தகர டின்களில் துண்டுகள் நிரம்பிக் கிடந்தன. பங்குச் சுவாமியாரிடம் கேட்டு அதில் இரண்டு டின் எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

குழாய் வந்தது, பூட்டப்பட்டது. அதன் அடியில், காற்றும் பெற்றோலும் கலக்கிற கார்ப்பரேட்டருக்கு மேலே ஒரு தட்டு. ஈரக் காற்றில் பறக்கும்போது கார்ப்பரேட்டருக்குள் பனிக்கட்டி படிந்து எஞ்சின் நிற்கப் பார்க்கும். அப்போது ஒரு கம்பியை இழுத்தால் அந்தத் தட்டு திரும்பி, குளிர்ந்த காற்றை மறித்துச் சூடான காற்றை உள்ளே விடும். "இந்தத் தட்டுத்தான் என்ரை ஆயுள்" என்று அருமைநாதன் அதைத் தட்டிக் காட்டியிருக்கிறார். ஏப்ரல் குளிரில் நிலத்தில் வைத்து எஞ்சினை இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்தார்கள். நன்றாகவே ஓடியது.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, புதுக் குழாயோடு முதல் பறப்பு என்று முடிவாயிற்று.

அன்று காலையில் அல்போன்சம்மா அலுமாரியைத் திறந்தபோது பாஸ்காத் திரியைக் காணவில்லை. போன வருடம் உயிர்த்த ஞாயிறுக்கு ஏற்றிய பெரிய திரியின் அடித்துண்டு அது. சுவாமியார் அவளை நம்பிக் கொடுத்தது. அருமைநாதன் பறக்கிற நாட்களில் அதை ஏற்றி வைத்துவிட்டுத்தான் வீட்டை விட்டு இறங்குவாள். எங்கேயாவது இடம் மாறியிருக்கும் என்று செபமாலையை மட்டும் எடுத்துக்கொண்டு காரில் ஏறினாள். ஆனால் மனம் அதிலேயே நின்றது. தளத்தில் அவர் விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து முடித்ததும் கேட்டுவிட்டாள்.

"பாஸ்காத் திரியைக் கண்டனீங்களோ?"

அருமைநாதனின் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு. "அது எங்களோடைதான் வந்திருக்கு" என்றார்.

பிறகு சொன்னார். வார்த்த மெழுகு ஆறியபோது அச்சின் மேலெல்லாம் குழி குழியாக விழுந்துவிட்டது. டின்னிலும் மெழுகு முடிந்துவிட்டது. அலுமாரியைத் திறந்தால் இது இருந்தது. உருக்கி, தூரிகையால் அச்சு முழுக்க ஒரு பூச்சுப் பூசினார். கண்ணாடி மாதிரி வந்ததாம்.

"ஆசீர்வதிச்ச திரியை எஞ்சின் வேலைக்குப் பாவிச்சியளோ?"

"என்ரை உயிருக்குக் காவலாத்தானே ஏத்திறனீர்? கிட்டடியிலை நிண்டு காவல் செய்யட்டுமன்."

மற்ற நேரமென்றால் ஒரு பாட்டம் வாங்கிக் கட்டியிருப்பார். பயணம் போகிற மனிதரோடு சண்டை வேண்டாம் என்று அவள் அடக்கிக்கொண்டாள். அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, விமானத்தில் ஏறினார். அல்போன்சம்மா வேலிக்குத் திரும்பி வந்து, பறப்பைப் பார்க்க வந்திருந்த பார்கவிக்குப் பக்கத்தில் நின்றாள். கோபம் தணிய நேரமெடுத்தது. தணிந்த இடத்தில் வேறொன்று உறுத்தத் தொடங்கியது.

"பிள்ளை, அந்த மெழுகை என்னெண்டு எடுத்தவர்?"

"சுடுதண்ணியில முக்கித்தான் அக்கா. அறுபது டிகிரிக்கு மேல போனா ரெசின் இளகிடும்னு நான்தான் சொல்லியிருந்தேன். தெர்மாமீட்டர் வெச்சு ஐம்பத்தெட்டுலயே பிடிச்சாராம். ரொம்ப கவனமா செஞ்சார்."

அல்போன்சம்மா செபமாலையை உருட்டுவதை நிறுத்தினாள். பாஸ்காத் திரி மற்றத் திரிகள் போல இல்லை. அது தேன்மெழுகு. ஒவ்வொரு வருடமும் உயிர்ப்பு இரவில் பீடத் துணியில் சொட்டும், ஒவ்வொரு வருடமும் அவளைப் படாத பாடு படுத்தும். மற்றத் திரியின் மெழுகு குழாய்ச் சுடுநீருக்கே கழன்று போகும். இது அசையாது. கேத்திலில் கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டும், இல்லையென்றால் கடதாசி வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்த வேண்டும். இவருடைய ஐம்பத்தெட்டு டிகிரித் தண்ணீர் அதைத் தொட்டும் இருக்காது.

"அது போயிருக்காது பிள்ளை. பூசினது அப்படியே உள்ளுக்குள்ளை ஒட்டியிருக்கும்."

பார்கவி முதலில் சிரிக்கப் பார்த்தாள். அல்போன்சம்மா துணி தோய்க்கும் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. "உள்ளே பளபளன்னு இருந்துச்சு. ரெசினோட பளபளப்புன்னு நினைச்சோம்" என்றாள் மெதுவாக. "எஞ்சின் சூட்டுல அது உருகி அந்தத் தட்டு மேலதான் இறங்கும் அக்கா. மேல போனதும் குளிர்ந்த காத்து பட்டு இறுகிடும். தட்டு திரும்பாது. அவரை நிறுத்தணும்." சொல்லிக்கொண்டே கையில் பிடிக்கிற ரேடியோவை எடுக்கக் காருக்கு ஓடினாள்.

விமானம் ஐம்பது அடி தள்ளி, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. மேல்மூடி இன்னும் திறந்திருந்தது. அருமைநாதனின் பிடரி தெரிந்தது, ஹெட்செட் இன்னும் காதில் ஏறவில்லை. இஞ்சருங்கோ என்று ஒரு சத்தம் போட்டால் போதும். காரியம் முடிந்தது.

அந்தச் சத்தம்தான் அவளுக்கு வரவில்லை.

புறப்பட்டுப் போகிறவரைப் பின்னால் நின்று கூப்பிடக் கூடாது. இது எல்லாரும் சொல்கிறதுதான். மூட நம்பிக்கை என்று சுவாமியார் எத்தனையோ தரம் பிரசங்கம் வைத்திருக்கிறார், அவளும் தலையாட்டியிருக்கிறாள். ஆனால் எண்பத்தேழில், ஊரில், குருநகரில், தீவுக்குப் படகேறப் போன தன் தகப்பனை, ஐயாவை, அவள் பின்னால் நின்று கூப்பிட்டிருக்கிறாள். அவர் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனார். திரும்பி வந்து வாங்கிக்கொண்டு, சிரித்துவிட்டுப் போனார். படகு மட்டும் திரும்பி வந்தது. செத்தவீட்டில் ஒரு பெண், "போகேக்கை ஆரும் பின்னாலை கூப்பிட்டதோ?" என்று பொதுவாகக் கேட்டாள். அல்போன்சம்மா பதில் சொல்லவில்லை. இருபது வருடமாக ஒருவருக்கும் சொல்லவில்லை. அன்றிலிருந்து எவர் எதை மறந்துவிட்டுப் போனாலும் முன்னால் ஓடிப் போய்க் கொடுப்பாளே தவிர, கூப்பிட மாட்டாள்.

இப்போதும் அதைத்தான் செய்தாள். வேலிக் கதவைத் திறந்து, செட்டையின் நுனியைச் சுற்றி, சீலையைத் தூக்கிப் பிடித்தபடி, விமானத்தின் முன்பக்கத்துக்கு ஓடினாள். முகத்துக்கு முகம் நின்று சொல்லிவிட்டால் தோஷமில்லை என்ற ஒரு நினைப்புத்தான். முன்பக்கத்தில் புரொப்பெல்லர் இருக்கிறது என்பது அவள் மண்டையில் ஏறவேயில்லை.

"அக்கா, முன்னாடி போகாதீங்க" என்று பார்கவி காரடியிலிருந்து கத்தினாள். அதற்குள் ஹெட்செட்டால் காதை மூடிவிட்ட அருமைநாதனுக்கு அது கேட்கவில்லை. அவர் ஒரு தரம் இரண்டு பக்கமும் பார்த்தாயிற்று, விலகச் சொல்லிக் குரலும் கொடுத்தாயிற்று. கை எஞ்சினைக் கிளப்பும் திறப்பில் இருந்தது.

திறப்பைத் திருப்பும் முன் அவருக்கு ஒரு வழக்கம். வேலியில் நிற்கிற மனைவியை ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார். அதை அவளுக்குக்கூடச் சொன்னதில்லை. அன்றும் திரும்பினார். வேலியில் ஆளில்லை. எங்கே போய்விட்டாள் என்று தேடிக்கொண்டு முன்னுக்குத் திரும்பியவர், மூக்குக்கு நேரே, புரொப்பெல்லரிலிருந்து ஒரு முழத்தில், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்ற அல்போன்சம்மாவைக் கண்டார்.

திறப்பை இழுத்துக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"உமக்கு விசரே? நான் திருப்பியிருந்தா..."

"குழாயைக் கழட்டுங்கோ" என்றாள் அல்போன்சம்மா.

மிச்சத்தைப் பார்கவி மூச்சு வாங்கச் சொன்னாள். எஞ்சின் மூடியைத் திறந்து, குழாயையும் தட்டோடு இருந்த பெட்டியையும் கழற்றினார்கள். அருமைநாதன் விரலை உள்ளே விட்டு நகத்தால் கீறினார். வெளியே எடுத்த நகத்தில் மஞ்சளாக மெழுகு சுருண்டிருந்தது. தேன் மணத்தது. விமானக் கொட்டகையான ஹங்கரிலிருந்து சூட்டுக் காற்று ஊதும் கருவியைக் கொண்டுவந்து, குழாயைப் பெட்டியோடு நிமிர்த்திப் பிடித்து ஊதிப் பார்த்தார்கள். மெழுகு உருகி, சுவர் வழியே இறங்கி, தட்டின் சுழலும் முனையில் போய்த் தங்கியது. ஐந்து நிமிடம் ஆற விட்டார்கள். தகடு அடித்து உரமேறிய கையால் அருமைநாதன் தட்டைத் தள்ளினார். அது அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினார். அப்போதும் அசையவில்லை.

அவர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். தளத்தின் முடிவில் அந்த மரங்கள், அதற்கப்பால் ஆறு. பார்கவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேத்தண்ணிப் போத்தலை எடுத்து வரும் சாட்டில் தள்ளிப் போனாள்.

"பின்னாலை நிண்டு ஒரு சத்தம் போட்டிருக்கலாம்தானே?" என்று கேட்டார் அருமைநாதன். இப்போது குரலில் கோபமில்லை. "புரொப்பெல்லருக்கு முன்னாலை ஏன் வந்தனீர்?"

அல்போன்சம்மா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். ஐயாவை, மூக்குக் கண்ணாடியை, செத்தவீட்டில் கேட்ட பெண்ணை, எல்லாவற்றையும் சொன்னாள். பதினெட்டு வருடம் கூட வாழ்ந்த மனிதருக்கு அது முதல் தரம் தெரிகிறது. அவர் ஏழு வருடம் வாய் மூடியிருந்ததை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள், இருபது வருடம் இதை வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

"நீர் இல்லையெண்டா நான் இப்ப அந்த மரத்துக்கு அங்காலை" என்றார். "எனக்கு நன்றி சொல்லத் தெரியாது, அல்போன்சு. ஆனா ஒண்டு செய்வன். அடுத்த முறை நான் போகேக்கை நீர் பின்னாலை நிண்டு கூப்பிட வேணும்."

"என்னாலை ஏலாது."

"கூப்பிட வேணும். நான் போட்டுத் திரும்பி வந்து காட்டுறன்."

புதுக் குழாய்க்கு மூன்று கிழமை எடுத்தது. இந்த முறை பார்கவி சொன்னபடி நுரைப்பலகைதான். வெடித்தபோது திட்டிக்கொண்டே இன்னொன்று செதுக்கினார். பழைய குழாயைக் குப்பையில் போட அல்போன்சம்மா விடவில்லை. ஆசீர்வதித்த மெழுகு அதற்குள் இருக்கிறது. சுவாமியாரிடம் கேட்டு, வீட்டுப் பின்பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்தாள். சுவாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் அனுமதி கொடுத்தார்.

ஜூன் மாதம், காற்றில்லாத ஒரு காலை. அருமைநாதன் தட்டைப் பத்துத் தரம் திருப்பிப் பார்த்தார். பார்கவியும் பத்துத் தரம் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவர் வேலியடிக்கு வந்து, அல்போன்சம்மாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு விமானத்தை நோக்கி நடந்தார். வேண்டுமென்றே மெதுவாக நடந்தார். பத்து அடி. இருபது அடி. அல்போன்சம்மா வேலிக் கம்பியை இறுகப் பிடித்தாள். பார்கவி அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தாள்.

"இஞ்சருங்கோ" என்று கூப்பிட்டாள்.

மெல்லிய குரல்தான். ஆனால் அவர் அதற்காகவே காதைத் தீட்டிக்கொண்டு நடந்திருக்க வேண்டும். நின்றார். திரும்பிப் புல்லில் நடந்து வேலிக்கு வந்தார்.

"என்ன?"

"ஒண்டுமில்லை. போட்டு வாங்கோ."

அவர் போனார். எஞ்சின் பிடித்தது. விமானம் முன்பு மாதிரி மூச்சு வாங்காமல், பாதித் தளத்திலேயே நிலத்தை விட்டு, மரங்களுக்கு மேலே தாராளமாக ஏறிப் போயிற்று. பார்கவி தன் கணக்குச் சரியாக வந்ததில் குதித்தாள். அல்போன்சம்மா எதையும் பார்க்கவில்லை. கண்ணை மூடி, செபமாலையும் சொல்ல முடியாமல், சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றாள். சத்தம் தேய்ந்தது. இல்லாமல் போயிற்று. இருபத்திரண்டு நிமிடம் கழித்து ஆற்றுப் பக்கமிருந்து திரும்ப வந்தது.

சில்லுகள் புல்லைத் தொட்டபோது அவள் கண்ணைத் திறந்தாள். விமானம் ஓடி வந்து நின்றது. அருமைநாதன் இறங்கி, ஹெட்செட்டைக் கழற்றிச் செட்டையில் வைத்துவிட்டு, அவளை நோக்கி நடந்து வந்தார். அல்போன்சம்மா அழுதாள். பின்னால் நின்று கூப்பிட்டும் ஒருவர் திரும்பி வருகிறார். ஐயாவைக் கொண்டுபோனது தன் குரலில்லை என்று அவளுக்கு அன்றுதான் நம்ப முடிந்தது. ஆண்டவருக்கும், மாதாவுக்கும், புல்லில் நடந்து வருகிற அந்த மனிதருக்கும் சேர்த்து ஒரே மூச்சில் நன்றி சொல்லிக்கொண்டு, வேலிக் கதவைத் திறந்து விட்டாள்.